முதலில் வேலையைத் தேர்ந்தெடுங்கள், பிறகு சான்றிதழை: தொடக்கநிலை ஐடி சான்றிதழ்கள் குறித்து எங்கள் நிலைப்பாடு

முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கும் டிப்ளமோ முடித்தவர்களுக்கும் வேலைக்கான வழியைக் காட்டும் தன்னார்வக் குழு நாங்கள். பி.எஸ்சி., பி.சி.ஏ., பாலிடெக்னிக், ஐடிஐ என எதை முடித்து வந்தாலும், எங்களிடம் மாணவர்கள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "எந்த சர்ட்டிஃபிகேட் முடிச்சா வேலை கிடைக்கும்?" பெற்றோரின் கேள்வி வேறு: "எவ்வளவு கட்டணும்?" இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல ஊருக்கு ஊர் ஆள் இருக்கிறது. முதல் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்வோர் குறைவு. நகையை அடகு வைத்துச் சேர்ந்த படிப்பு வேலைக்கு உதவாமல் போகும்போது இழப்பு அந்த மாணவரோடு நிற்பதில்லை; அந்த வீட்டில் அடுத்த பிள்ளையின் படிப்பையும் தொடுகிறது. அதனால்தான் இந்த அறிக்கையை வெளியிடுகிறோம்.

எங்கள் நிலைப்பாடு

1. எந்தச் சான்றிதழும் தனியாக நின்று வேலை வாங்கித் தராது. சரியாகத் தேர்ந்தெடுத்த ஒரு சான்றிதழ், செய்முறைப் பழக்கத்தோடு சேரும்போது நேர்முகத் தேர்வு வரை கொண்டுசேர்க்கும்.
2. செய்யப்போகும் வேலையை முதலில் முடிவு செய்ய வேண்டும். அந்த வேலைக்கான விளம்பரங்களில் பெயர் வரும் சான்றிதழை மட்டுமே பணம் கட்டி எழுத வேண்டும்.
3. தொடக்கத்தில் ஒரு சான்றிதழ் போதும்.
4. சான்றிதழுக்காகக் கடன் வாங்கக் கூடாது.
5. பயிற்சிக் கட்டணம் வேறு, தேர்வுக் கட்டணம் வேறு. இரண்டையும் பிரித்துச் சொல்லாத மையத்தில் சேரக் கூடாது.

எந்த வேலைக்கு எந்தத் தேர்வு

*டெஸ்க்டாப் சப்போர்ட், ஹெல்ப் டெஸ்க்.* கணினி கிளம்பவில்லை, பிரிண்டர் வரவில்லை, மெயில் திறக்கவில்லை என்று வரும் டிக்கெட்டுகளைத் தீர்க்கும் வேலை இது. கணினி அறிவியல் பட்டம் இல்லாதவர்களுக்கும் திறந்திருக்கும் கதவு. இதற்கென்றே உலகெங்கும் அறியப்பட்ட தேர்வு காம்ப்டியா ஏ பிளஸ். அது ஒரு தேர்வு அல்ல, இரண்டு. வன்பொருள், மொபைல் சாதனங்கள், நெட்வொர்க் ஆகியவை முதலாவதில் வரும். இயங்குதளம், பாதுகாப்பு, மென்பொருள் கோளாறுகள் இரண்டாவதில் வரும். இரண்டுக்கும் தனித்தனியே கட்டணம் கட்ட வேண்டும். மூன்றாண்டுக்குள் புதுப்பிக்க வேண்டும்.

இந்தப் பாடத்திட்டத்தை முழுமையாகப் படியுங்கள் என்றுதான் சொல்கிறோம். தேர்வுக்கான பாடப் பட்டியலைக் காம்ப்டியாவே இலவசமாக வெளியிடுகிறது. ஆனால் நம் ஊர் வேலை விளம்பரங்களில் இந்தச் சான்றிதழின் பெயர் அரிதாகவே வருகிறது. எனவே உள்நாட்டு வேலை தேடுபவர் பாடத்தைப் படித்துவிட்டுத் தேர்வுக் கட்டணத்தை மிச்சப்படுத்தலாம். வெளிநாட்டு வேலைக்கு முயல்பவருக்கு மட்டும் தேர்வை எழுதப் பரிந்துரைக்கிறோம்.

*நெட்வொர்க் வேலைகள்.* பணம் கட்டி எழுதத் தகுந்த முதல் சான்றிதழ் எது என்று கேட்டால், இந்தத் துறைக்குச் செல்பவருக்கு நாங்கள் தயங்காமல் சொல்வது சிஸ்கோவின் சிசிஎன்ஏ. பல பிரிவுகளாகக் கிடந்ததை 2020 பிப்ரவரியில் சிஸ்கோ ஒரே தேர்வாக்கியது. தேர்வு எண் 200-301, நேரம் 120 நிமிடம். ஐபி இணைப்பும் ரூட்டிங்கும் 25 சதவீதம். நெட்வொர்க் அடிப்படைகளும் சுவிட்ச், வயர்லெஸ் அணுகலும் தலா 20 சதவீதம். பாதுகாப்பு 15 சதவீதம். சப்நெட் போடுவது, விலான் பிரிப்பது, ஓஎஸ்பிஎஃப் அமைப்பது ஆகியவற்றைப் புரிந்து செய்யத் தெரியாமல் இதில் தேற முடியாது. நெட்வொர்க் கண்காணிப்பு மையங்களில், அதாவது "நாக்" என்று சொல்லப்படும் இடங்களில், முதல் நாளே தேவைப்படுவதும் இதே அறிவுதான். அதனால்தான் இந்தத் தேர்வை மதிக்கிறோம்.

கட்டணம் வரி நீங்கலாக 300 டாலர். ரூபாயில் 25,000-க்கு மேல் வரும். சிறிய தொகை அல்ல. ஆனால் பயிற்சிக்குப் பெரிய செலவு தேவையில்லை. மெய்யான ரவுட்டரும் சுவிட்சும் வாங்காமலே பழகுவதற்கான பேக்கெட் டிரேசர் மென்பொருளைச் சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமி இலவசமாகத் தருகிறது.

*லினக்ஸ், சர்வர் நிர்வாகம்.* ரெட் ஹாட்டின் ஆர்எச்சிஎஸ்ஏ தேர்வில் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்வு செய்யும் கேள்விகளே கிடையாது. இயங்கும் சர்வரைக் கையில் கொடுத்து, பயனர் கணக்கு, வட்டுப் பகுதி, ஃபயர்வால், சேவைகள் என்று வேலைகளைச் செய்யச் சொல்வார்கள். மனப்பாடம் எடுபடாத தேர்வு. செய்து காட்டினால்தான் மதிப்பெண் என்பதால், நேர்காணல் நடத்துபவரும் இதை நம்புகிறார். ரெட் ஹாட்டை ஒத்த ராக்கி லினக்ஸ், அல்மா லினக்ஸ் இரண்டும் இலவசம். வர்ச்சுவல்பாக்ஸில் நிறுவி வீட்டிலேயே பழகலாம். ஐஐடி மும்பையின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் லினக்ஸ் பாடங்கள் தமிழ் ஒலியோடு கிடைக்கின்றன. ஆங்கிலத் தயக்கம் உள்ளவர்கள் அங்கே தொடங்கலாம்.

*மென்பொருள் சோதனை.* ஐஎஸ்டிகியூபி அடிப்படைநிலைத் தேர்வில் 40 கேள்விகள், தேர்ச்சிக்கு 65 சதவீதம். ஒருமுறை தேறினால் காலாவதி இல்லை. டெஸ்டிங் வேலைக்குச் செல்பவருக்குப் பயனுள்ளதே. ஆனால் ஒரு செயலியை எடுத்து டெஸ்ட் கேஸ் எழுதவும், எஸ்கியூஎல்லில் வினவல் எழுதவும் தெரியாவிட்டால் இந்தச் சான்றிதழால் பயனில்லை.

*நிரல் எழுதும் வேலை.* இதற்குச் சான்றிதழே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. டிசிஎஸ்ஸின் என்கியூடி போன்ற நுழைவுத் தேர்வுகளும் கோடிங் சுற்றுகளும்தான் இங்கே வடிகட்டுகின்றன. சான்றிதழுக்குச் செலவிடும் மாதங்களை நிரல் எழுதவும், எழுதியதைக் கிட்ஹப்பில் வைக்கவும் செலவிடுங்கள். பன்னிரண்டாம் வகுப்போ டிப்ளமோவோ முடித்தவர்கள், கட்டணம் வாங்காமல் உதவித்தொகை கொடுத்துக் கற்பிக்கும் ஸோஹோ பள்ளிகளுக்கும் விண்ணப்பிக்கலாம்.

எவற்றை முதலில் எடுக்க வேண்டாம்

கிளவுட் அறிமுகத் தேர்வுகள் இன்று அதிகம் விற்கப்படுகின்றன. மைக்ரோசாஃப்டின் ஏஇசட்-900, அமேசானின் கிளவுட் பிராக்டிஷனர் இரண்டும் நல்ல பாடங்கள்தான். ஆனால் கிளவுட் என்றால் என்ன, எந்தச் சேவை எதற்கு, கட்டணம் எப்படி என்பதைத்தான் அவை சோதிக்கின்றன; ஒரு சர்வரை அமைக்கத் தெரியுமா என்று சோதிப்பதில்லை. விற்பனை, கணக்கு, மேலாண்மைப் பிரிவில் இருப்பவரும் எழுதலாம் என்ற நோக்கில் அமைந்தவை அவை. அவற்றை வைத்து "கிளவுட் இன்ஜினியர்" வேலை கிடைக்கும் என்று சொல்வது ஏமாற்று. மைக்ரோசாஃப்ட் லேர்ன் தளத்தில் பாடங்கள் இலவசம், படியுங்கள். கல்லூரி வழியாகத் தேர்வும் இலவசமாகக் கிடைத்தால் எழுதுங்கள். சொந்தப் பணத்தைக் கட்டி எழுத வேண்டாம்.

சைபர் பாதுகாப்பு என்ற பெயரில் நடக்கும் விற்பனை எங்களுக்கு இன்னும் அதிகக் கவலை தருகிறது. சிஐஎஸ்எஸ்பி சான்றிதழ் முழுமையாகக் கிடைக்க ஐந்தாண்டுப் பணி அனுபவம் வேண்டும். எதிக்கல் ஹாக்கிங் என்று விளம்பரம் செய்யப்படும் சிஇஎச் தேர்வுக்கு இரண்டாண்டு அனுபவம் வேண்டும், இல்லையேல் அவர்களின் அதிகாரபூர்வப் பயிற்சியை விலை கொடுத்து முடிக்க வேண்டும். நெட்வொர்க்கில் ஒரு பேக்கெட் எப்படிச் செல்கிறது என்று தெரியாதவர், அதில் நடக்கும் தாக்குதலைக் கண்டுபிடிக்க முடியாது. இந்தத் துறையில் ஆர்வம் உள்ளவர் நெட்வொர்க், லினக்ஸ் அடிப்படைகளை முடித்த பிறகு ஐஎஸ்சி2 அமைப்பின் சிசி தேர்வையோ, காம்ப்டியா செக்யூரிட்டி பிளஸ் தேர்வையோ பார்க்கலாம். சிசி சான்றிதழைத் தக்கவைக்க ஆண்டுதோறும் 50 டாலர் கட்ட வேண்டும் என்பதையும் முன்பே கணக்கில் வையுங்கள்.

காலாவதியான பெயர்களிலும் கவனம் தேவை. எம்சிஎஸ்ஏ, எம்சிஎஸ்இ ஆகியவற்றை மைக்ரோசாஃப்ட் 2021 ஜனவரியில் நிறுத்திவிட்டது. எம்டிஏ தேர்வுகளும் 2022 ஜூனோடு நின்றன. இந்தப் பெயர்களைச் சொல்லி யாராவது சேர்க்கை நடத்தினால், அவர் தரப்போவது அந்த மையத்தின் சொந்தத் தாள்தான்.

"டம்ப்ஸ்" எனப்படும் கசிந்த கேள்வித் தொகுப்பை மனப்பாடம் செய்து தேறுவதை நாங்கள் முழுமையாக எதிர்க்கிறோம். தேர்வு நடத்தும் நிறுவனங்கள் கண்டுபிடித்தால் சான்றிதழை ரத்து செய்யும். மீண்டும் எழுதத் தடையும் விதிக்கும். கண்டுபிடிக்கவில்லை என்றாலும் நேர்காணலில் இரண்டு கேள்விகளில் தெரிந்துவிடும். "கணினியின் ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால் என்ன பொருள்?" என்று கேட்பார்கள். டிஎச்சிபி சர்வரிடமிருந்து முகவரி வரவில்லை என்று பாடத்தைப் புரிந்து படித்தவர் சொல்வார். "ஐபி எண்ணுக்குப் பிங் போகிறது, தளத்தின் பெயருக்குப் போகவில்லை, எங்கே பார்ப்பீர்கள்?" என்பார்கள். டிஎன்எஸ் என்ற பதிலும், அதைச் சரிபார்க்கும் கட்டளையும் டம்ப்ஸ் படித்தவர் வாயிலிருந்து வராது.

கையில் இருக்க வேண்டிய சான்று

சான்றிதழோடு, செய்த வேலையின் பதிவு ஒன்றும் விண்ணப்பதாரரிடம் இருக்க வேண்டும். பேக்கெட் டிரேசரில் மூன்று கிளை அலுவலகங்களை இணைத்த வரைபடம் ஒன்று. 180 நாள் இலவசமாகக் கிடைக்கும் விண்டோஸ் சர்வரை நிறுவி, ஆக்டிவ் டைரக்டரியில் பயனர்களைச் சேர்த்து, கடவுச்சொல் கொள்கை அமைத்ததன் குறிப்பு ஒன்று. கல்லூரி ஆய்வகத்திலோ தெரிந்தவர் கடையிலோ சரிசெய்த கோளாறுகளின் பட்டியல் ஒன்று: என்ன சிக்கல், எதை முதலில் சோதித்தேன், எப்படித் தீர்ந்தது. அனுபவம் இல்லாதவருக்கு அனுபவம் என்று காட்ட இருப்பது இதுவே. இதற்குப் பணம் செலவில்லை. பொறுமை வேண்டும், நாள்தோறும் உழைக்க வேண்டும்.

எங்கள் கோரிக்கைகள்

*பயிற்சி மையங்களுக்கு:* "100 சதவீத வேலை உத்தரவாதம்" என்ற விளம்பரத்தை எடுத்துவிடுங்கள். பயிற்சி மைய விளம்பரங்களில் பொய்யான உத்தரவாதங்களைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டிருக்கிறது. உங்கள் மையம் தரும் பயிற்சி முடித்த சான்று எது, சிஸ்கோவும் ரெட் ஹாட்டும் தேர்வு வைத்துத் தரும் சான்றிதழ் எது என்பதைச் சேர்க்கைப் படிவத்திலேயே எழுதுங்கள். தேர்வுக் கட்டணத்தை மாணவரே தேர்வு மையத்துக்கு நேரடியாகச் செலுத்த விடுங்கள். மாணவருக்கும் பெற்றோருக்கும் புரியாமல் கடன் நிறுவனத் தாளில் கையெழுத்து வாங்குவதை நிறுத்துங்கள்.

*கல்லூரிகளுக்கு:* எல்லா மாணவருக்கும் ஒரே சான்றிதழைக் கட்டாயமாக்கிக் கட்டணம் வசூலிக்க வேண்டாம். நெட்வொர்க் ஆய்வகத்தை மாலை நேரத்திலும் திறந்து வையுங்கள்.

*தமிழ்நாடு அரசுக்கு:* 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தை வரவேற்கிறோம். கல்லூரிக்குள்ளேயே இலவசமாகப் பயிற்சி வந்தது பெரிய மாற்றம். அதன் அடுத்த படியாக, மாதிரித் தேர்வில் தயார்நிலையைக் காட்டிய ஏழை மாணவர்களுக்கு சிசிஎன்ஏ, ஆர்எச்சிஎஸ்ஏ போன்ற தேர்வுகளின் கட்டணத்தையும் அரசு ஏற்க வேண்டும் என்று கேட்கிறோம். பயிற்சியை இலவசமாகப் பெற்ற மாணவர் 25,000 ரூபாய்க் கட்டணத்தின் முன் நின்றுவிடக் கூடாது.

*நிறுவனங்களுக்கு:* ஃப்ரெஷர் வேலை என்று விளம்பரம் செய்துவிட்டு இரண்டாண்டு அனுபவம் கேட்காதீர்கள். எந்தச் சான்றிதழை மதிக்கிறீர்கள், எதைப் பொருட்படுத்துவதில்லை என்று வெளிப்படையாக எழுதுங்கள். உங்கள் ஒரு வரி, பல குடும்பங்களின் பணத்தைக் காப்பாற்றும்.

மாணவர்களுக்கும் பெற்றோருக்கும்

பணம் கட்டும் முன் ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் போய் வேலை செய்யக்கூடிய ஊர்களில், உங்கள் படிப்பை ஏற்கும் இருபது விளம்பரங்களைத் திரட்டி, திரும்பத் திரும்ப வரும் திறன்களையும் சான்றிதழ்களையும் ஒரு தாளில் குறியுங்கள். உங்களுக்கான பாடத்திட்டம் அதிலிருந்து கிடைக்கும். ஏற்கெனவே ஏமாற்றப்பட்டவர்கள் ரசீதையும் விளம்பரத்தையும் பத்திரப்படுத்தி, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள்.

எங்கள் தரப்பில் மூன்று உறுதிகளைத் தருகிறோம். எந்தப் பயிற்சி மையத்திடமிருந்தும் பரிந்துரைக் கமிஷன் பெற மாட்டோம். தேர்வுகள் மாறும்போது இந்த அறிக்கையைத் திருத்தி வெளியிடுவோம். ஒரு மாணவருக்குச் சான்றிதழ் தேவையில்லை என்று தோன்றினால், அதை அவரிடமே நேராகச் சொல்வோம். திறமையும் உழைப்பும் இருந்தும் வழி தெரியாததால் மட்டும் ஒரு பிள்ளை பின்தங்குவதை எங்களால் ஏற்க முடியாது. கல்லூரிகளும் நிறுவனங்களும் அரசும் இந்த நிலைப்பாட்டை விவாதித்து, ஏற்றதை நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டுகிறோம்.