யந்திரம் மாண்டபின் பூட்டு எதற்கு?

2014-ஆம் ஆண்டில் ஓர் இளைஞர் புனைபெயரில் எழுதிய விருத்தாந்தம் ஒன்றைப் பலர் இன்றும் நினைவுகூருகிறார்கள். அவருக்கு நான்கு வயதாயிருக்கையில் தந்தை ஓர் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டு யந்திரம் வாங்கிக் கொடுத்தார். இருவரும் சேர்ந்து விளையாடிக் களித்தார்கள். பிள்ளைக்கு ஆறு வயதானபோது தந்தை காலமாகிவிட்டார். அதன்பின் பத்து வருஷ காலம் அதைத் தொட மனம் வராமல் இருந்தவர், பிறகு ஒருநாள் அதை எடுத்துவைத்து, ராலிஸ்போர்ட் சாலஞ்ச் என்னும் கார்ப் பந்தய விளையாட்டைத் தொடங்கியபோது, தந்தை ஓட்டிய கார் இன்னும் அதில் ஓடிக்கொண்டிருப்பதைக் கண்டார். ஒரு பாதையை மிகக் குறைந்த நேரத்தில் கடந்தவரின் ஓட்டம் அப்படியே பதிவாகி, அடுத்து ஓட்டுகிறவருக்கு முன்னால் நிழல்போல் ஓடிக் காட்டுவது அவ்விளையாட்டின் வழக்கம். அதை வென்றுவிட்டால் பழைய பதிவு அழிந்து, புதியது அதன் ஸ்தானத்தில் ஏறிவிடும். பிள்ளை பழகிப் பழகித் தந்தையை முந்தும் சாமர்த்தியத்தை அடைந்தார். அடைந்தபின், எல்லைக் கோட்டுக்குச் சற்று முன்னாலேயே காரை நிறுத்தித் தந்தையைப் போகவிட்டார்.

படித்தவர்கள் கண் கலங்கினார்கள். அந்த யந்திரத்தின் உள்ளமைப்பை அறிந்தவர்களுக்குக் கண்ணீரோடு கொஞ்சம் திகிலும் உண்டாகியிருக்கும். பத்து வருஷத்தில் அதன் மதர்போர்டு பழுதாகியிருக்குமானால், தந்தையின் கார் ஹார்ட் டிஸ்கில் ஒரு பைட்கூடக் குறையாமல் பத்திரமாக இருந்தும், அந்த டிஸ்கைக் கழற்றி எந்தக் கம்ப்யூட்டரில் மாட்டினாலும் பிள்ளையின் கண்ணுக்கு அது அகப்பட்டிராது.

மைக்ரோசாஃப்ட் கம்பெனி 2001 நவம்பரில் எக்ஸ்பாக்ஸை வெளியிட்டபோது, வீட்டு விளையாட்டு யந்திரங்களுள் ஹார்ட் டிஸ்கைத் தன்னுள்ளேயே கொண்டு வந்த முதல் யந்திரம் அதுவே. அந்த 8 ஜிகாபைட் டிஸ்குக்குப் பாஸ்வேர்டு ஒன்று போடப்பட்டிருந்தது. உள்ளே எழுதப்பட்ட எழுத்துகள் சங்கேதமாக மாற்றப்படவில்லை. தகட்டின்மேல் யாவும் பட்டவர்த்தனமாகவே கிடக்கின்றன. ஆனால் டிஸ்கின் சொந்த மின்சுற்று, சரியான பாஸ்வேர்டைச் சொல்லாதவருக்கு எதையும் எடுத்துத் தர மறுத்துவிடும். ஐந்து முறை தப்பாகச் சொன்னால், மின்சாரத்தை நிறுத்தி மறுபடி கொடுக்கும்வரை வாயே திறக்காது. இந்தப் பாஸ்வேர்டை நிர்ணயித்தவர் யந்திரத்தின் உடைமைக்காரர் அல்லர். அவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. மதர்போர்டில் 256 பைட் மட்டும் கொள்ளும் சிறிய சிப் ஒன்றில் ஒரு சாவி மறைந்திருக்கிறது. யந்திரம் உயிர் பெறும் ஒவ்வொரு தடவையும் அந்தச் சாவியோடு டிஸ்கின் மாடல் பெயரையும் வரிசை எண்ணையும் சேர்த்துக் கணக்கிட்டுப் பாஸ்வேர்டு உண்டாக்கப்படுகிறது. விற்பனையான ஏறத்தாழ 2 கோடியே 40 லட்சம் யந்திரங்களில் ஒவ்வொன்றுக்கும் சாவி தனித்தனி. சாமி வரங்கொடுத்தாலும் பூசாரி இடங்கொடுக்க வேண்டுமே என்கிற கதைதான். இங்கே பூசாரி செத்துப்போனால் கோயிலையே மூடிவிட வேண்டியதாகிறது.

பூட்டுப் போட்டதே அநியாயம் என்று நான் வாதிக்க வரவில்லை. யந்திரத்தை அடக்க விலைக்கும் குறைவாக விற்று, விளையாட்டுகளின் விற்பனையிலே லாபம் தேடுகிற வியாபாரத்தில், டிஸ்கைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் மாட்டித் திருட்டுப் பிரதிகளை ஏற்றிக்கொள்ள வழிவிட்டால், கம்பெனி நடுத்தெருவுக்கு வந்துவிடும் என்று அதன் அதிகாரிகள் அஞ்சியது இயல்பே. ஆனால் அந்த டிஸ்கில் கம்பெனியின் சொத்து மாத்திரமா இருந்தது? ஒரு சிறுவன் கோடை விடுமுறை முழுதும் ஆடிச் சேமித்த ஆட்டங்களும், குடும்பத்தார் தாங்கள் காசு கொடுத்து வாங்கிய இசைத்தட்டுகளிலிருந்து ஏற்றிவைத்த பாட்டுகளும், முன்சொன்ன தந்தையின் கார்போன்ற பதிவுகளும் அதே பூட்டுக்குள் அடைபட்டன. இவற்றுக்கு உரியவர் உடைமைக்காரரே. கம்பெனிக்கு இவற்றில் யாதொரு பாத்தியதையும் இல்லை.

மதர்போர்டு எப்படி மாண்டுபோகிறது என்பதையும் சொல்ல வேண்டும். மின்சாரத்தைப் பிடுங்கிய பிறகும் சில மணி நேரம் கடிகாரம் ஓடிக்கொண்டிருப்பதற்காக, அந்த யந்திரத்தில் விரல் நுனியளவான ஒரு கெபாசிட்டர் வைக்கப்பட்டது. காலம் செல்லச் செல்ல அதன் அடியிலிருந்து திரவம் கசிகிறது. பலகையின் பச்சைப் பூச்சுக்குக் கீழே ஓடும் மயிரிழை போன்ற தாமிரப் பாதைகளை அது மெல்ல அரித்துக் கருக்கிவிடுகிறது. பொத்தானை அழுத்தினால் உயிர் வராத யந்திரமும், யாரும் தொடாமலே நடுநிசியில் தானே உயிர்பெற்று வீட்டாரைக் கலவரப்படுத்தும் யந்திரமும் பெரும்பாலும் இந்த நோய்க்கு ஆளானவையே. கடைசியாக வெளிவந்த வகையைத் தவிர மற்ற எல்லா வகைகளிலும் இப்படிக் கசியும் கெபாசிட்டரே உண்டு. கடிகாரம் தப்பு நேரம் காட்டினால் என்ன குடி முழுகிப்போகும் என்று தெரியவில்லை. அற்ப விலையுள்ள அந்த உபகாரி குடியிருந்த வீட்டையே தின்றுவிட்டது.

இப்படிப் பழுதான யந்திரத்திலிருந்து பதிவுகளை மீட்கும் உபாயம், கைத்திறன் உள்ளவர்களுக்கு எப்போதோ வசப்பட்டுவிட்டது. பலகையில் கொஞ்சம் உயிர் எஞ்சியிருந்தால், யந்திரத்தை இயக்கி, அதுவே டிஸ்கின் பூட்டைத் திறந்தபின், மின்சார ஒயரைத் தொடாமல் தகவல் கேபிளை மாத்திரம் உருவிப் பக்கத்திலுள்ள கம்ப்யூட்டரில் செருகிவிடுகிறார்கள். மின்சாரம் அறாதவரை பூட்டும் திறந்தபடியே இருக்கும். கை சற்றுப் பிசகினால் டிஸ்க் புகைந்துபோகலாம் என்பதால் இது பயந்தவர்களுக்குரிய வித்தை அன்று. பலகை அடியோடு செத்திருந்தாலும் பாதகமில்லை: எட்டுக் கால் உள்ள அந்தச் சிப்பின் இரண்டு கால்களிலும், தரை இணைப்பிலும் மெல்லிய ஒயர்களை சால்டர் செய்து, ராஸ்ப்பெர்ரி பை போன்ற மலிவான போர்டு ஒன்றினால் 256 பைட்டையும் வாசித்து, அதிலிருந்து சாவியைப் பிரித்து, பாஸ்வேர்டைக் கணக்கிட்டு, லினக்ஸ் கம்ப்யூட்டரின் வழியாக டிஸ்குக்குச் சொன்னால், வருஷக்கணக்காக மௌனம் சாதித்த டிஸ்க் சகலத்தையும் கொடுத்துவிடுகிறது.

இவ்வழி திறந்ததற்கு நாம் நன்றி செலுத்த வேண்டியவர்களுள் முதல்வர் ஆண்ட்ரூ ஹுவாங். 2002-இல் எம்.ஐ.டி.யில் ஆராய்ச்சி மாணவராயிருந்த அவர், எக்ஸ்பாக்ஸின் இரண்டு முக்கியச் சிப்களுக்கிடையே அதிவேகமாக ஓடும் தகவலை, தாமே செய்த பலகையொன்றால் ஒட்டுக்கேட்டு, உள்ளே ஒளிந்திருந்த 512 பைட் ரகசிய நிரலை வெளிக்கொணர்ந்தார். அந்த அனுபவங்களை அவர் நூலாக எழுதியபோது, வெளியிட இசைந்திருந்த பதிப்பகம் சட்டத்துக்கு அஞ்சிப் பின்வாங்கிவிட்டது. அச்சத்துக்குக் காரணம் 1998-இல் அமெரிக்கா இயற்றிய டிஜிட்டல் மில்லேனியம் பதிப்புரிமைச் சட்டம். உள்ளே இருப்பதைத் திருடினாலும் திருடாவிட்டாலும் பூட்டை உடைப்பதே சட்டவிரோதம் என்பது அதன் கொள்கை. நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு இவ்விஷயத்தில் எவ்வளவோ விவேகமானது. உரிமையை மீறும் உத்தேசத்தோடு பூட்டை உடைப்பவரையே அது தண்டிக்கிறது.

அமெரிக்கச் சட்டத்துக்கு விதிவிலக்கு அளிக்கும் அதிகாரம், மூன்று வருஷத்துக்கு ஒருமுறை, அந்நாட்டுக் காங்கிரஸ் நூலகத்தின் தலைவரைச் சார்ந்தது. வீட்டு உபயோகச் சாதனங்களைப் பழுதுபார்ப்பதற்காகப் பூட்டைத் திறக்கலாம் என்று 2021-இல் தாராளமாக அனுமதித்த உத்தரவு, விளையாட்டு யந்திரம் என்றதும் கையை இறுக்கிக்கொண்டு, விளையாட்டுத் தகட்டை வாசிக்கும் ஆப்டிகல் டிரைவைச் சரிசெய்வதற்கு மட்டும் இடங்கொடுத்தது. 2024-இல் கடைகளிலுள்ள ஐஸ்கிரீம் யந்திரங்களுக்குக்கூட மோட்சம் கிடைத்தது. பழுதான விளையாட்டு யந்திரத்திலிருந்து சொந்தப் பதிவுகளை மீட்பதைப் பற்றி மட்டும் அந்த வாசகம் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

பிந்திய யந்திரங்களில் நிலைமை இன்னும் மோசம். 2006-இல் வந்த பிளேஸ்டேஷன் 3, டிஸ்கில் எழுதுவதையெல்லாம் அந்தந்த யந்திரத்துக்கே உரிய சாவியால் சங்கேதமாக்கி எழுதுகிறது. பலகையைத் தற்காலிகமாகவேனும் உயிர்ப்பிக்காமல் அதை வாசிக்க முடியாது. இப்போது எல்லாம் கிளவுடில் சேமிக்கப்படுகிறதே என்பார்கள். பிளேஸ்டேஷனிலும் நின்டெண்டோவிலும் அந்தச் சேமிப்புக்கு ஓயாமல் சந்தா கட்டவேண்டும். கம்பெனி கடையைக் கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு, பழைய எக்ஸ்பாக்ஸின் இணையச் சேவை 2010 ஏப்ரல் 15-ஆம் தேதி நிறுத்தப்பட்டதே சான்று.

ஒரு யந்திரத்துக்குப் பழுதுபார்க்கும் சேவையைக் கம்பெனி நிறுத்தும் தினத்திலிருந்து, வாங்கியதற்கு அத்தாட்சி காட்டும் உடைமைக்காரருக்கு அவருடைய யந்திரத்தின் சாவியைப் படித்துக்கொள்ளும் வழியை அதுவே கொடுக்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம். திருடர்களுக்கு வசதியாகிவிடும் என்ற ஆட்சேபம் செல்லாது. எக்ஸ்பாக்ஸ் விஷயத்தில் திருடர்கள் இருபது வருஷத்துக்கு முன்பே உள்ளே புகுந்து போய்விட்டார்கள். தனித்தனிச் சாவியாதலால் ஒரு யந்திரத்தின் பூட்டைத் திறப்பது இன்னொன்றையும் பாதிக்காது. இன்று அந்தப் பூட்டினால் தடைபட்டு நிற்பவர் சால்டரிங் தெரியாத யோக்கியர் ஒருவரே.

அமெரிக்க விதிவிலக்குகள் அடுத்து 2027-இல் பரிசீலனைக்கு வரவேண்டும். அதற்குள் பழைய எக்ஸ்பாக்ஸ் கைவசம் ஓடுகிற நிலையில் உள்ளவர்கள், விஷயம் தெரிந்த ஒருவரைக் கொண்டு மூடியைத் திறந்து, கடைசி வகையாக இல்லாவிட்டால் கடிகாரக் கெபாசிட்டரை அகற்றிவிட்டு, அந்த 256 பைட்டுக்கும் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்வது உத்தமம்.