அவளை யார் கேட்டார்கள்?

சத்தீஸ்கரில் பிலாஸ்பூர் பக்கம் 2014 நவம்பரில் நடந்த கருத்தடை முகாம்களில் பத்துக்கும் மேற்பட்ட தாய்மார்கள் இறந்தார்கள். ஒரு முகாமில் ஒரே டாக்டர் சில மணி நேரத்தில் 83 பேருக்கு ஆபரேஷன் செய்தாராம்! இறந்தவர்களில் பைகா பழங்குடிப் பெண்ணும் உண்டு. பைகா இனத்தவருக்கு இந்த ஆபரேஷனே கூடாது என்று 1979-லேயே அரசு உத்தரவு இருந்தது. அதே உத்தரவைக் காட்டி, "பிள்ளை போதும்" என்று தானாகக் கேட்டு வந்த பைகா பெண்களைத் திருப்பி அனுப்பினார்கள். 2018-ல்தான் ஹைகோர்ட் அந்தத் தடையை நீக்கியது.

செய்தபோதும் சரி, மறுத்தபோதும் சரி, முடிவு அவள் கையில் இல்லை. நம் வீடுகளில் மட்டும் என்ன வாழ்கிறது? மாமியாரும் கணவரும் பேசி முடித்த பிறகுதானே நமக்கே தெரிகிறது! காடானாலும் நகரமானாலும் உடம்பு அவளுடையது. முதலில் அவளை ஒரு வார்த்தை கேளுங்கள்.

- ஒரு வாசகி, கோவில்பதாகை.