விதிப்படி சரிதான்

1827. இன்றைய இத்தாலியின் டூரின் நகரம். காய்ச்சலில் தவித்த ஏழைப் பெண்ணைப் பொது மருத்துவமனை சேர்க்கவில்லை, காரணம், கர்ப்பிணி. பிரசவ மருத்துவமனையும் சேர்க்கவில்லை, காரணம், காய்ச்சல். இரண்டும் விதிப்படி சரிதான்! அவள் செத்துப்போனாள். கடைசி நேரத்தில் அருகிலிருந்த குருவானவர் ஜுசெப்பே கொத்தொலெங்கோ, மறு ஆண்டே சில அறைகளில் படுக்கை போட்டார். 1831இல் காலரா பயத்தில் அதை மூடினார்கள்; 1832இல் ஊரோரம் வால்தோக்கோவில் மறுபடி திறந்தார். தீராநோய்க்காரர்கள், வலிப்பு வந்தவர்கள், காது கேளாதவர்கள் என்று வேறெங்கும் இடம் கிடைக்காதவர்களுக்கே அங்கே இடம். 'இனி செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள்' என்று படுக்கையைக் காலிசெய்ய அவசரப்படும் நம் மருத்துவமனை நிர்வாகிகள் இதைப் படிக்க வேண்டும். அந்த இல்லம் வால்தோக்கோவில் இன்றும் இயங்குகிறது.