பழசை அழிக்காதீர்கள்

"புதுசு வந்தாச்சே சார், பழசு எதுக்கு?" என்றான் அந்தப் பையன். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம். எங்கள் கிளஸ்டரில் எல்லோருக்கும் பொதுவாக மென்பொருள் நிறுவுவது அவன் பொறுப்பு. புது கம்பைலரைப் பழையதன் மேலேயே போட்டுவிட்டான். மறுநாள் ஒரு ஆராய்ச்சி மாணவி முகம் வெளுத்து வந்து நின்றாள். மூன்று வருடமாக ஓடிய புரோகிராமில் நாலாவது தசமம் மாறுகிறது. எது சரி? இரண்டையும் ஓட்டிப் பார்த்தால்தானே தெரியும்!

இதற்கு மருந்து 1991லேயே வந்தாயிற்று. ஜான் ஃபர்லானியின் 'மாட்யூல்ஸ்'. ஒவ்வொரு வெர்ஷனும் தனித்தனி டைரக்டரியில் இருக்கும். 'மாட்யூல் லோட்' என்று பெயரும் எண்ணும் அடித்தால் பாத் அதற்கு மாறும். அவ்வளவுதான் வித்தை.

டிஸ்க் வீணாம்! பொதுவில் ஒன்று இல்லாவிட்டால் நாற்பது மாணவர்களும் ஆளுக்கொரு பிரதியைத் தங்கள் ஹோமில் போட்டுக்கொள்வார்கள். அது வீணில்லையா? டிஃபால்ட்டைத் தாராளமாக மாற்றுங்கள், முன்கூட்டிச் சொல்லிவிட்டு. பழசு ஒரு மூலையில் இருக்கட்டும்.

பேக்கப் டேப்பைத் தேடி அவளுக்குப் பழையதை மீட்டுக் கொடுக்க ஒன்பது நாள் ஆயிற்று. பையன் இப்போது பெரிய பதவியில் இருக்கிறான். இன்னும் அழித்துக்கொண்டுதான் இருப்பான்.