கருங்காலி: ஒரு சொல்லும் அதன்மேல் எழுந்த மயக்கமும்

சொல்லின் பொருளைத் தெளியாது ஒரு செய்கையை மேற்கொள்ளுதல் அறிவுடையார்க்கு அழகன்று. அண்மைக் காலமாகச் சைவ மக்களிடையே பரவிவரும் கருங்காலி மாலை வழக்கம் இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும். கோயில் வாயிற் கடைகளிலும் இணையவழி அங்காடிகளிலும் இம்மாலை விற்கப்படுகின்றது. அணிந்தார்க்குச் செவ்வாய்க் குற்றம் நீங்கும், கடன் தீரும், பகை ஒழியும் என்று விளம்பரஞ் செய்கின்றனர். அதற்கு நூற்சான்றும் உண்டென்கின்றனர். அச்சான்று எம்மரத்தைப் பற்றியது, விற்கப்படும் மணி எம்மரத்தினது என்று வினவுவார் அரியர். அவ்வினாவை எழுப்பி விடை காண்டலே ஈண்டு யாம் மேற்கொண்டது.

கருமை, கால் என்னும் இரு சொற்களின் புணர்ப்பால் ஆயது கருங்காலி என்னும் பெயர். கால் என்பது ஈண்டு மரத்தின் அடியைக் குறிக்கும். கரிய அடியுடையது என்பதே இப்பெயரின் பொருள். ஆகவே இது நிறம்பற்றி வந்த காரணப்பெயர் என்க. இத்தகைய பெயர் ஒரு மரத்தோடு நில்லாது. கருமை காணப்படும் பிறமரங்கட்கும் சென்று பற்றும். சங்கச் சான்றோர் வேங்கை மரத்தையும் கரிய காலுடையதாகப் பாடினர். அதுபற்றி வேங்கை கருங்காலி ஆயிற்றில்லை. ஆயினும் வேறு மரங்கள் அப்பெயரை உண்மையாகவே பெற்றன.

அவற்றுள் தலையாயவை இரண்டு. ஒன்று, தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வளரும் மரம். மரநூலார் இதனை டயோஸ்பைரோஸ் எபெனம் என்பர். பனிச்சையும், பீடியிலை தரும் தும்பியும் இதன் சுற்றம். இதன் வெளிறு வெண்மை சார்ந்தது. வயிரமோ கரிபோற் கறுத்தது. நீரிலிட்டால் மிதவாது ஆழ்வது. மற்றொன்று, முன்னர் அகேசியா கட்டெச்சு என்றும் இப்போது செனிகாலியா கட்டெச்சு என்றும் வழங்கப்படுவது, வேலமரத்தின் இனத்தது, முள்ளுடையது. இதன் வயிரம் செம்மை கலந்த கபில நிறத்தது. அவ்வயிரத்தைச் சிதைத்து நீரிற் கொதிப்பித்து வற்றச் செய்தே காசுக்கட்டி எடுக்கின்றனர். மலையாள நாட்டார் தண்ணீரிலிட்டுக் காய்ச்சிப் பருகும் கரிங்ஙாலியும் இதுவே. செங்கருங்காலி என்று அடைகொடுத்துச் சிலர் இதனைப் பிரித்தோதுதலே, ஒரு பெயர் இருமரத்துக்கு நின்றமையை அன்னோர் உணர்ந்தனர் என்பதைக் காட்டும்.

இவ்வாறு பெயர் இடம்பெயர்தல் தமிழுக்கு மட்டும் உரியதன்று. எகிப்தியர் தம் பழைய மொழியிற் கருமரத்துக்கு இட்ட பெயரே கிரேக்கர் வாயிற் புகுந்து, இலத்தீன் வழியாக ஆங்கிலத்தில் எபனி என நின்றது. எகிப்தியர் கல்லறைகளிற் காணப்படும் அம்மரமோ நம் ஈட்டி மரத்தின் இனமாகிய ஆப்பிரிக்கக் கருமரம். எத்தியோப்பியர் ஈராண்டுக்கு ஒருமுறை 200 கருமரத் தடிகளைப் பாரசீக வேந்தனுக்குத் திறையளித்தனர் என்று கி.மு. 5ஆம் நூற்றாண்டினராகிய ஹெரோடோட்டஸ் எழுதினர். பிற்காலத்தே அப்பெயர் இந்திய இலங்கைக் கருங்காலிக்கு உரியதாயிற்று. பெயர் ஒன்றாயினமையாற் பொருளும் ஒன்றாகாது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டா.

இனி, மாலை விற்போர் கூற்றை ஆராய்வாம். ஒன்பான் கோள்களுக்குரிய வேள்வியிற் செவ்வாய்க்குக் கருங்காலிச் சமித்து விதிக்கப்பட்டுள்ளதே என்பர். மெய்தான். யாஞ்ஞவற்கிய மிருதி ஞாயிற்றுக்கு எருக்கும், திங்களுக்குப் பலாசும், செவ்வாய்க்குக் கதிரமும் விதிக்கின்றது. அக்கதிரம் யாது? முள்ளுடைய காசுக்கட்டி மரமே. கதிரத்தைக் கருங்காலி என்று தமிழிற் பெயர்த்தது பிழையன்று. அம்மரத்துக்கும் அப்பெயர் உண்டாகலின். ஆயின் அத்தமிழ்ப் பெயரைப் பற்றிக்கொண்டு, கரிய வயிரமுடைய மற்றை மரத்தின் மணியை நீட்டி, இதுவே செவ்வாய்க்கு உரியதென்றல், ஒருவன் பெயரால் எழுதிய முறியைக் காட்டி அப்பெயருடைய வேறொருவன் பொருள் கொள்வதனை ஒக்கும்.

அற்றேல், காசுக்கட்டி மரத்தின் மணியையே அணிவேம் என்பார் உளராயின், அவர்க்கும் விடையுண்டு. நூல் விதித்தது தீயிற் பெய்தற்கு, கழுத்திற் பூணுதற்கன்று. எருக்கும் நாயுருவியும் அரசும் அத்தியும் அவ்வரிசையிலேயே உள்ளன. அவற்றை இவ்வாறு மாலையாக்கிப் பரக்க விற்றல் காண்கிலம். கருங்காலியைப் பெரிதும் விற்றல் என்னை? விலைபோதல் நோக்கியன்றோ? சித்த மருத்துவத்தாற் காட்டும் சான்றும் இவ்வாறே. காசுக்கட்டியும் மரப்பட்டையும் மருந்தாவது, முறையறிந்து உள்ளுக்குக் கொடுத்தலாலும் புறத்தே இடுதலாலும். மணியாக்கிக் கோத்தலால் அன்று.

இனி, இச்சொல்லைப் பழிக்குரியதாக்கினாரும் உளர். தன்னினத்தைக் காட்டிக் கொடுப்பானைக் கருங்காலி என்று தொழிற்சங்க மேடைகளில் இகழ்வர். கோடரிக்குக் காம்பாய்த் தன் இனமரங்களை வெட்டத் துணைபோதலால் வந்த பழி என்று காரணமுங் கூறுவர். கோடரிக் காம்பு பலவகை மரத்தானும் ஆவது. இதற்கே உரிய குற்றம் யாது? ஆங்கிலத்தில் 18ஆம் நூற்றாண்டிற் பந்தயச் சூதரையும், 19ஆம் நூற்றாண்டில் வேலைநிறுத்தத்தை முறிப்பாரையும் குறித்த பிளாக்லெக் என்னும் சொல்லும் கரிய கால் என்றே பொருள்படுதலை நோக்குக. ஒருபால் வசை, ஒருபால் வழிபாடு. இரண்டும் மரத்தை அறியாமையின்பாற்பட்டனவே.

சித்தாந்தம் பயின்றார் ஒன்று சிந்திப்பாராக. இருவினையும் சடம்; தாமே வந்து தம் பயனை ஊட்டமாட்டா; ஊட்டுவான் இறைவனே என்பது சிவஞானபோதம் 2ஆம் சூத்திரத்தும் அதன் வழிவந்த சித்தியாரினும் நிறுவப்பட்ட முடிபு. வினைக்கே இயலாத செயல் ஒரு மரத்துண்டுக்கு இயலுமோ? கோளும் வினையின்வழி இறைவன் ஆணையில் நின்று தொழிற்படுவனவேயன்றித் தம்முரிமையாய் நலிவனவல்ல. நாட்கோட் குறையைக் குறித்துத் திருநாவுக்கரசர் கவன்றபோது, திருமறைக்காட்டில் திருஞானசம்பந்தப் பிள்ளையார் கோளறு பதிகம் அருளினார். அவர் தேடியது மணியன்று. உளம்புகுந்த இறைவனையே துணையென்றார். அப்பதிகத்தை ஓதும் வாய், மரமணி இல்லையேற் செவ்வாய் வருத்தும் என்று அஞ்சலாமா?

உருத்திராக்கமும் ஒரு மரத்தின் விதைதானே எனின், கூறுதும். அது சிவசின்னம், திருநீறு, திருவைந்தெழுத்து என்பவற்றோடு சைவசாதனமாக ஆகமங்களாலும் ஆன்றோர் ஒழுக்கத்தாலும் கொள்ளப்பட்டது. அதனைப் பூணுதல் இறைவன்பாற் கொண்ட அடிமைத்திறத்தை நினைவித்தற்கே. கருங்காலி மணியோ சின்னமும் அன்று, சாதனமும் அன்று. அச்சத்தை விலையாக்கும் வாணிகப் பண்டம்.

நம்பிக்கைதானே, இதனால் யாருக்கு என்ன கேடு என்பாருமுளர். கேடு பல. கடனால் வருந்தும் ஏழை, கடன் தீருமென்று நம்பி மேலும் கடன்படுகின்றான். சாயமேற்றிய வேறுமரமும் இப்பெயரால் அவன் கையில் விழுகின்றது. பல்லாண்டு மெல்ல வளர்ந்து சிறிதே வயிரங் கொள்ளும் அருமரம் மணிக்காக வீழ்த்தப்படுகின்றது. இவை எல்லாவற்றினும் பெரியது, இறைவன்மேல் வைக்கற்பாலதாகிய பற்று கட்டைமேற் சென்று நிற்றல்.

ஆதலின், சைவ அன்பர்காள்! கருங்காலியை மரமென்றே மதிப்போமாக. தச்சர்க்கும் மருத்துவர்க்கும் அது பயன்படுக. காட்டில் நின்று நிழல் தருக. கோயில் வாயிலில் அம்மாலையை நீட்டுவாரைக் காணின், இது எந்தக் கருங்காலி, எந்நூல் இதனை அணியச் சொல்கின்றது என்று கேண்மின்கள். ஏமாறும் அயலார்க்கு இவ்வேறுபாட்டை இனிது எடுத்துரைமின்கள். நெற்றியில் நீறும், மார்பிற் கண்டிகையும், நாவில் ஐந்தெழுத்தும் உடையார்க்குப் பிறிதொரு காப்பு வேண்டா.