எரிந்த நோட்டைப் பார்த்தவர்கள் 10 பேர், கைப்பற்றியவர் யாருமில்லை: நீதிபதி வர்மா விவகாரத்தில் சாட்சிகள் எங்கே முரண்படுகிறார்கள்?

2025 மார்ச் 14, ஹோலி நாள். இரவு 11.30 மணி அளவில் டெல்லி துக்ளக் கிரசன்ட் 30-ம் எண் பங்களாவின் ஸ்டோர் ரூமில் தீப்பிடித்தது. அது டெல்லி உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த யஷ்வந்த் வர்மாவின் அரசு இல்லம். அவரும் மனைவியும் அப்போது ஊரில் இல்லை. மகளும் வயதான தாயாரும் வீட்டில் இருந்தார்கள். தீயை அணைத்தபோது பாதி எரிந்த 500 ரூபாய் நோட்டுகள் குவியலாகக் கிடந்தன என்கிறது ஒரு தரப்பு. பணமே இல்லை என்கிறது இன்னொரு தரப்பு. இதுல எதை நம்புவது?

யார் என்ன சொன்னார்கள்?

தலைமை நீதிபதி சஞ்சீவ் கன்னா அமைத்த மூன்று நீதிபதிகள் குழு (ஷீல் நாகு, ஜி.எஸ்.சந்தாவாலியா, அனு சிவராமன்) 55 சாட்சிகளை விசாரித்தது. தீயணைப்புத் துறை, போலீஸைச் சேர்ந்த 10 பேர் எரிந்த பணத்தை நேரில் பார்த்ததாகச் சொன்னார்கள். அந்த இடத்தில் எடுத்த வீடியோவும் இருக்கிறது. அதை உச்ச நீதிமன்றமே மார்ச் 22 அன்று வெளியிட்டது.

வர்மா தரப்பு சொல்வது வேறு. அந்த அறை வீட்டோடு சேர்ந்தது இல்லை, பலரும் வந்துபோகும் இடம். நாங்கள் அங்கே பணம் வைத்ததே இல்லை. தீயை அணைக்கும்போது மகளையும் ஊழியர்களையும் தள்ளி நிற்கச் சொன்னார்கள். திரும்பிப் போனபோது பணம் எதுவும் கண்ணில் படவில்லை. இது தன்னைச் சிக்கவைக்கும் சதி என்றும் அவர் கூறினார்.

நடுவில் ஒரு குழப்பமும் நடந்தது. பணம் எதுவும் கிடைக்கவில்லை என்று டெல்லி தீயணைப்புத் துறைத் தலைவர் சொன்னதாக மார்ச் 21 அன்று செய்தி பரவியது. தான் அப்படிச் சொல்லவே இல்லை என்று அவர் பிறகு மறுத்தார்.

முரண் உண்மையில் எங்கே?

நேர வரிசையில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெரியும். ‘இரவில் பணத்தைப் பார்த்தோம்’, ‘பிறகு போனபோது பணம் இல்லை’ என்ற இரண்டுமே உண்மையாக இருக்கலாம், நடுவில் யாராவது அதை எடுத்திருந்தால். அப்போ கேள்வி, யார் எடுத்தது என்பதுதான். மார்ச் 15 அதிகாலையில் பணம் அங்கிருந்து அகற்றப்பட்டது என்று குழு அனுமானித்தது. அறை நீதிபதி, குடும்பத்தினரின் கட்டுப்பாட்டில்தான் இருந்தது என்றும் முடிவுக்கு வந்தது. அவரைப் பதவிநீக்க நடவடிக்கை தொடங்கப் போதுமான ஆதாரம் இருக்கிறது என்றது.

பணம் எங்கே?

இங்கதான் பெரிய ஓட்டை. அன்றிரவு யாரும் பணத்தைக் கைப்பற்றவில்லை, பஞ்சநாமா எழுதவில்லை, எண்ணவும் இல்லை. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105-வது பிரிவுப்படி, ஒரு பொருளைக் கைப்பற்றினால் பட்டியல் போட்டு, சாட்சிகள் கையெழுத்து வாங்கி, அதையெல்லாம் வீடியோ எடுக்க வேண்டும். இங்கே வீடியோ இருக்கிறது, பொருள் இல்லை. நோட்டு கையில் இருந்திருந்தால் அசலா போலியா என்று சோதித்திருக்கலாம், எரியாத துண்டுகளில் வரிசை எண் தேடியிருக்கலாம். எவ்வளவு பணம், யாருடையது, யார் வைத்தது என்று குழு கண்டறியவில்லை என்பதையே வர்மா உச்ச நீதிமன்றத்தில் வாதமாக வைத்தார். அவர் மனு 2025 ஆகஸ்ட் 7-ல் தள்ளுபடியானது.

ஏன் உடனே எஃப்ஐஆர் இல்லை?

காரணம் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கு. சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த கே.வீராசாமி மீதான சொத்துக்குவிப்பு வழக்கில், உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்ற நீதிபதிகள் மீது எஃப்ஐஆர் போடும் முன் இந்தியத் தலைமை நீதிபதியைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று 1991-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நீதித்துறைக்கு மிரட்டல் வரக்கூடாது என்பது நோக்கம். ஆனால் சாதாரண வீட்டில் இப்படிப் பணம் கிடந்தால் அன்றிரவே சீல் வைத்திருப்பார்கள். எஃப்ஐஆருக்குக் காத்திருக்கலாம், தடயம் காத்திருக்காது.

அடுத்து என்ன?

2025 ஆகஸ்ட் 12-ல் மக்களவைத் தலைவர் ஓம் பிர்லா, நீதிபதிகள் விசாரணைச் சட்டப்படி மூவர் குழு அமைத்தார். அப்போது சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த எம்.எம்.ஸ்ரீவஸ்தவாவும் அதில் ஒருவராக இருந்தார். குற்றச்சாட்டு நிரூபணமானாலும், பதவிநீக்கத்துக்கு அவையின் மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையும், வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கும் இரு அவைகளிலும் தேவை. 1993-ல் நீதிபதி வி.ராமசாமிக்கு எதிரான தீர்மானம் 196 ஆதரவு பெற்றும் தோற்றது. 205 பேர் வாக்களிக்கவில்லை.

பதவிநீக்கத்துக்குச் சாட்சியமும் அனுமானமும் போதலாம். கிரிமினல் வழக்கு என்று வந்தால், யாருடைய பணம் என்பதைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். குற்றம் செய்திருந்தால் அவர் தப்பவும், செய்யாவிட்டால் காலமெல்லாம் பழி சுமக்கவும், அன்றிரவு எழுதாமல் விட்ட அந்த ஒரு பஞ்சநாமாவே காரணமாகிவிடும்.