பதினேழு வருஷ அஞ்ஞாதவாசம்

பெரம்பலூர் மாவட்டம் எறையூரிலிருந்து ஒரு அம்மாள் கடிதம் எழுதியிருக்கிறார். சர்க்கரை ஆலை இருக்கிறதே, அதே எறையூர்தான். அவருடைய மகள் அமெரிக்காவில் சின்சினாட்டி என்ற ஊரில் குடித்தனம் நடத்துகிறாள். 2021-ஆம் வருஷம் மே மாதக் கடைசியில் ஒரு நாள் அவள் கூப்பிட்டு, “அம்மா, வாசலில் கால் வைக்க இடமில்லை. மரமெல்லாம் சில்வண்டு. கொல்லையெல்லாம் சில்வண்டு. வெளியே போய்விட்டு வந்தால் தலையில் ஒன்று, தோளில் ஒன்று!” என்றாளாம். “பதினேழு வருஷத்துக்கு ஒரு முறைதான் இப்படி வருமாம். அடுத்த தடவை என் பிள்ளை காலேஜை முடித்திருப்பான்” என்றும் சொன்னாளாம்.

“நம் ஊர்க் கொல்லையிலும் இப்படி நாள் பார்த்துக்கொண்டு வரும் பூச்சி உண்டா? உண்டென்றால் எப்போது பார்க்கலாம்? தை பிறந்ததும் கொல்லை முழுவதும் சிமெண்ட் தளம் போடுவதாக வீட்டில் முடிவாகியிருக்கிறது. அதற்குள் பார்த்துவிடலாம் அல்லவா?” என்று கேட்கிறார்.

கேள்வி பூச்சியைப் பற்றியது. ஆனால் போகிற போக்கில் அவர் எழுதிய அந்தச் சிமெண்ட் சமாசாரம்தான் என்னை விடமாட்டேன் என்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் ஆள் யாரென்று தெரிந்துகொள்வோம். ராத்திரியில் அம்மிக்கடியிலோ குளிக்கும் அறை மூலையிலோ உட்கார்ந்துகொண்டு ‘கிரீச் கிரீச்’ என்று நம் தூக்கத்தைக் கெடுக்கிறதே, அது சுவர்க்கோழி. சில்வண்டு வேறே. கோடை வெயிலில் மரத்தின் மேலிருந்து, நூறு பேர் ஒரே சமயத்தில் சாணை பிடிக்கிற மாதிரி கத்துவதுதான் சில்வண்டு. சங்க காலத்துப் புலவர்கள் அதைச் ‘சிள்வீடு’ என்றார்கள். பாலை நிலத்துச் சூட்டைச் சொல்லவேண்டிய இடத்தில் அதன் சத்தத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். இந்தக் காலத்தில் வாண்டுப் பயல்களைத்தான் ‘சில்வண்டு’ என்கிறோம். பயல்கள் போடுகிற சத்தத்தைக் கேட்டால் பெயர் பொருத்தம்தான்.

கத்துவது ஆண் பூச்சி மட்டும். வயிற்றின் இரண்டு பக்கமும் அதற்கு உடுக்கை மாதிரி ஒரு தோல் இருக்கிறது. அதைப் படபடவென்று அதிரவிட்டுச் சத்தம் எழுப்புகிறது. பெண் பூச்சி வாயே திறப்பதில்லை. (இதைப் படித்துவிட்டு வீட்டுக்கார ஐயா ஏதாவது சொன்னால், முட்டையிட்டு வம்சத்தைக் காப்பாற்றுகிற வேலையெல்லாம் அந்த வாய் திறக்காத பெண்தான் செய்கிறது என்று பதில் சொல்லுங்கள்.) அவள் மரத்தின் இளங்கிளையைக் கீறி அதற்குள் முட்டை வைக்கிறாள். ஆறு முதல் பத்து வாரத்தில் குஞ்சு பொரிக்கிறது. அரிசி மணி அளவுகூட இல்லாத அந்தக் குஞ்சு பொத்தென்று தரையில் விழுந்து, மண்ணைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய், மரத்தின் வேரில் வாயை வைக்கிறது. அதன் பிறகு அஞ்ஞாதவாசம்தான்.

எத்தனை வருஷம்? பாண்டவர்களுக்கு வனவாசம் பன்னிரண்டு, அஞ்ஞாதவாசம் ஒன்று, ஆகப் பதின்மூன்று. ராமபிரானுக்குப் பதினான்கு. அமெரிக்காவின் தென்பகுதிச் சில்வண்டு பாண்டவர் கட்சி. சரியாகப் பதின்மூன்று வருஷம். வடபகுதிச் சில்வண்டு இரண்டு பேரையும் மிஞ்சிவிட்டது, பதினேழு வருஷம்! இத்தனை காலமும் இருட்டில், வேர்ச்சாற்றைக் குடித்துக்கொண்டு, நான்கு தடவை சட்டையை உரித்துவிட்டுக் காத்திருக்கிறது. குறித்த வருஷத்தில் வசந்த காலம் வந்து, ஒரு சாண் ஆழத்தில் மண்ணின் சூடு சுமார் 18 டிகிரி செல்சியஸ் ஆனதும், அதிலும் ஒரு வெதுவெதுப்பான மழை பெய்துவிட்டால், அஸ்தமனத்துக்குப் பிறகு ஊரே ஒன்றாகக் கிளம்பிவிடுகிறது. மரத்தில் ஏறி, கடைசிச் சட்டையை முதுகில் கிழித்துக்கொண்டு, வெள்ளை வெளேரென்று ஒரு உருவம் வெளியே வரும். விடிவதற்குள் உடம்பு கறுத்துவிடும். கண் மட்டும் குன்றிமணிச் சிவப்பு.

எவ்வளவு வருகிறது தெரியுமா? சில இடங்களில் ஏக்கருக்குப் பதினைந்து லட்சம் வரை கணக்கு எடுத்திருக்கிறார்கள். ஐந்து செண்ட் கொல்லை என்றால் எழுபத்தையாயிரம்! மகள் சொன்னது மிகையே இல்லை. அந்தச் சின்சினாட்டியிலேயே இருக்கும் ஜீன் கிரிட்ஸ்கி என்ற பேராசிரியர், ஜனங்கள் தங்கள் கொல்லையில் பார்த்த பூச்சியைப் படம் பிடித்து அனுப்பக் கைப்பேசியில் ஒரு வழி செய்து கொடுத்தார். 2021-இல் ஐந்து லட்சம் படங்களுக்கு மேல் வந்து குவிந்தன.

ஏன் இப்படிக் கூட்டமாக வரவேண்டும்? கடிக்கத் தெரியாது, கொட்டத் தெரியாது, ஓடி ஒளியவும் தெரியாது. காக்கை, குருவி, அணில், நாய் எல்லாம் தின்கின்றன. தின்று தின்று அவற்றுக்குத் திகட்டிப் போன பிறகும் லட்சக்கணக்கில் மிச்சம் இருக்கும். கல்யாணப் பந்தியில் எத்தனை பேர் சாப்பிட்டாலும் தீராத சாம்பார் மாதிரி. அந்த மிச்சம்தான் அடுத்த தலைமுறை.

மண்ணுக்குள் பஞ்சாங்கம் ஏது? எப்படிக் கணக்கு வைக்கிறது? இதற்கு ஒரு அழகான பரிசோதனை நடந்திருக்கிறது. ரிச்சர்டு கார்பன் என்ற கலிபோர்னியா விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும், பதினைந்து வயதான இளம் பூச்சிகளைத் தோண்டி எடுத்துப் பீச் மரங்களின் அடியில் குடிவைத்தார்கள். அந்த மரங்களை ஒரே வருஷத்தில் இரண்டு தடவை பூக்கும்படி செய்தார்கள். பூச்சிகள் ஒரு வருஷம் முன்னதாகவே வெளியே வந்துவிட்டன! 2000-ஆம் வருஷம் இதைப் பிரசுரித்தார்கள். பூச்சி எண்ணுவது வருஷத்தை அல்ல, மரத்தை. மரம் பூத்துத் தளிர்க்கும்போது வேர்ச்சாறு மாறுகிறதே, அந்த மாற்றத்தை ‘ஒன்று, இரண்டு’ என்று எண்ணிக்கொண்டே இருக்கிறது.

அந்தப் பூச்சிகள் வேரில்தான் இருக்கின்றன என்பதை வெட்டவெளிச்சமாக்கியவர் ஒரு பெண்மணி. பிலடெல்பியாவை அடுத்த ஜெர்மன்டவுனில் தம் அக்காவோடு வசித்த மார்கரெட்டா ஹேர் மாரிஸ். அந்த ஊரில் 1834-இல் பூச்சிகள் பாடிவிட்டுப் போயிருந்தன. அடுத்த முறை 1851. நடுவில், 1840-களில், அவர் தோட்டத்தில் ஒரு பேரி மரம் காரணம் தெரியாமல் வாடிக்கொண்டே வந்தது. மற்றவர்களாக இருந்தால் வெட்டி விறகாக்கியிருப்பார்கள். இந்த அம்மாள் வேரைத் தோண்டிப் பார்த்தார். எண்ண முடியாத இளம் பூச்சிகள் வேரைக் கவ்விக்கொண்டிருந்தன! விஞ்ஞான சபையில் பெண்கள் எழுந்து படிப்பது வழக்கமில்லாத காலம். அவர் எழுதியதை ஆண்கள் வாசித்தார்கள். ஆனாலும் 1850-இல், வானசாஸ்திரி மரியா மிச்சலோடு சேர்த்து, அமெரிக்க விஞ்ஞான முன்னேற்றச் சங்கத்தின் அங்கத்தினராக அவரையும் தேர்ந்தெடுத்தார்கள். கொல்லைப்புறம் என்பது பாத்திரம் கழுவி ஊற்றுகிற இடம் மட்டும் அல்ல என்பதற்கு அவரைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

சரி, நம் தேசத்துக்கு வருவோம். பதினேழு வருஷக்காரர் இங்கே இல்லை. ஆனால் நான்கு வருஷக்காரர் ஒருவர் இருக்கிறார். மேகாலயாவில் ரி-போய் மாவட்டத்தில் சைடன் கிராமத்துக் காட்டில் அவர் வாசம். ஊர்க்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘நியாங்தாசெர்’. அவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த அந்தப் பூச்சிக்கு, விஞ்ஞானிகள் பெயர் வைத்தது 2013-இல்தான். மாவட்டத்தின் பெயரையே சேர்த்து ‘கிரெமிஸ்டிகா ரிபோய்’ என்று வைத்தார்கள். 2010, 2014, 2018, 2022 என்று மே மாதத்தில் வந்திருக்கிறது. அவை எல்லாம் உலகக் கோப்பைக் கால்பந்து நடந்த வருஷங்கள்! அதனால் ‘உலகக் கோப்பைச் சில்வண்டு’ என்றே செல்லப் பெயர். அந்தக் கணக்கில் 2026-ம் அதன் முறைதான். இரவில் ஜனங்கள் விளக்கை எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு காட்டுக்குப் போய், பொறுக்கி வந்து சமைத்துச் சாப்பிடுகிறார்கள். மீன் பிடிக்கத் தூண்டிலிலும் மாட்டுகிறார்கள்.

“ஐயே, பூச்சியையா?” என்று முகத்தைச் சுளிக்காதீர்கள். எறையூர்ப் பக்கத்துப் பாட்டிமாரைக் கேட்டால் ஈசல் கதை சொல்லுவார்கள். மழை விட்ட சாயந்திரத்தில் புற்றருகே விளக்கை வைத்து, வந்து விழுகிற ஈசலை அள்ளி, இறகைப் புடைத்து, வறுத்து, பொரியும் பொட்டுக்கடலையும் கலந்து கொடுத்தால் பிள்ளைகள் கை நக்கிக்கொண்டு சாப்பிடும். அமெரிக்காவில் ஒனந்தாகா என்ற பூர்வகுடி மக்களின் பயிரையும் ஊரையும் 1779-இல் ஜார்ஜ் வாஷிங்டனின் படை எரித்தது. அதை அடுத்து வந்த பட்டினியில் உயிரைக் காத்தது பதினேழு வருஷச் சில்வண்டுதான் என்று அவர்கள் இன்றும் நன்றியோடு சொல்லுகிறார்கள். 2018-இல் அது மறுபடி வந்தபோதும் சமைத்துச் சாப்பிட்டார்கள்.

ஆகவே எறையூர் அம்மாளுக்கு என் பதில் இதுதான். உங்கள் ஊரில் நாள் தவறாமல் வருகிற விருந்தாளி ஈசல். அது சில்வண்டுக்கு உறவு இல்லை. கரையானின் ராஜா ராணிக் கூட்டம். ஆனால் சூட்சுமம் ஒன்றேதான்: ஒரே நாளில் எல்லோரும் கிளம்பு, தின்கிறவன் வயிறு நிறைந்துபோகட்டும்! அமெரிக்காவில் மண் சூடாகக் காத்திருக்கவேண்டும். எறையூரில் மார்கழியிலும் மண் அவ்வளவு குளிராது. இங்கே மழைதான் முகூர்த்தம். ஈசலை வேடிக்கை பார்க்கச் சொல்லுகிறேனே தவிர, நிலைக்கதவில் கரையானை வளர்க்கச் சொல்லவில்லை. புற்று வீட்டுச் சுவரை ஒட்டி இருந்தால் ஆளைக் கூப்பிட்டுக் காட்டிவிடுங்கள்.

நம் ஊர்ச் சில்வண்டும் மண்ணுக்குள் சில வருஷம் இருந்துவிட்டுத்தான் வருகிறது. ஆனால் எல்லாம் ஒரே வருஷத்தில் கிளம்புவதில்லை. முறை வைத்துக்கொண்டு வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக வருவதால், அதன் அஞ்ஞாதவாசம் நமக்குத் தெரிவதில்லை.

இப்போது சிமெண்ட். அமெரிக்காவில் கனெக்டிகட் ராஜ்யத்தில் பதினேழு வருஷக் கூட்டம் ஒன்று இருந்தது. விஞ்ஞானிகள் அதைப் பதினோராவது கூட்டம் என்பார்கள். கடைசியாக அதைப் பார்த்தது 1954-இல். 1971-இல் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தவர்களுக்கு ஏமாற்றம்தான். அந்தக் கூட்டம் பூண்டோடு போய்விட்டது. இந்தப் பூச்சிக்கு இருக்கிற கஷ்டம் இதுதான்: உள்ளே போனபோது மேலே மரம் இருந்தது, வெளியே வரும்போது இருக்கவேண்டும். நடுவில் யாராவது மரத்தை வெட்டினாலோ, மேலே தளம் போட்டு மூடினாலோ, அதற்குச் செய்தி சொல்லுவார் இல்லை. எறையூரில் சிப்காட் தொழிற்பூங்கா 2022-இல் வந்தது. வேலை வந்தால் வீடு வரும், வீடு வந்தால் தளமும் வரும். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் இல்லை. மழைக்காலத்தில் சேற்றில் வழுக்கி விழுந்த இடுப்பு வலி தளம் போடச் சொல்லுகிறவருக்குத்தான் தெரியும்.

துவைக்கிற கல், கிணற்றடி, கொல்லைக் கதவிலிருந்து அதுவரை ஒரு நடைபாதை, இவற்றுக்குச் சிமெண்ட் போதும். மரத்தின் நிழல் விழுகிற வட்டத்தை மண்ணாகவே விட்டுவிடச் சொல்லுங்கள். கொத்தனார் “அது என்னம்மா பாதியில் விட்டுவிட்டு?” என்பார். மழைத் தண்ணீர் இறங்க இடம் வேண்டும் என்று சொல்லுங்கள், அதுவும் பொய்யில்லை. சிமெண்ட் மிச்சமாகும் என்று வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள், அதுவும் பொய்யில்லை.

பார்க்கவேண்டிய அடையாளங்களையும் சொல்லிவிடுகிறேன். கோடை மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில், பெருக்குவதற்கு முன்னால், மரத்தடியைப் பாருங்கள். சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு, உளியால் போட்டது போல் வட்டமான துவாரம் இருந்தால் அங்கிருந்து ஒருவர் எழுந்து போயிருக்கலாம். பிறகு மரத்தின் தண்டை முழங்கால் உயரத்திலிருந்து மேலே பாருங்கள். தேன் நிறத்தில், முதுகில் ஒரே கோடாகக் கிழிந்து, ஆறு காலாலும் பட்டையைப் பிடித்தபடி ஒரு கூடு ஒட்டிக்கொண்டிருக்கும். கண் இருந்த இடம்கூடத் தெரியும். உள்ளே ஆள் இருக்காது. குழந்தைகளிடம் கொடுங்கள், சட்டையில் குத்திக்கொண்டு பள்ளிக்கூடம் போவார்கள். தேதியை மட்டும் காலண்டரில், பால் கணக்குப் பக்கத்திலேயே, குறித்து வையுங்கள்.

சின்சினாட்டி மகளிடம் சொல்லுங்கள்: அவள் கொல்லைக்கு அடுத்த முறை 2038-ஆம் வருஷம் மே மாதம். டிக்கெட் வாங்க நிறைய நாள் இருக்கிறது.